வலப்பக்கம் தைத்த புத்தகம்

செந்தில் போன மாதம் ஒரு வீடியோ அனுப்பியிருந்தான். துபாயில் நான் வேலை பார்த்த அதே அச்சகத்தில், பைண்டிங் செக்‌ஷனுக்கு இன்று அவன்தான் சூப்பர்வைசர். வீடியோவில் நான்கு பேர் உட்கார்ந்து வயலின் வகையறா வாசிக்கிறார்கள். முன்னால் காகிதமே இல்லை, ஆளுக்கொரு டேப்லட். காலடியில் ஒரு பெடல். அதை மிதித்தால் பக்கம் தானாகத் திரும்புகிறது. கீழே எழுதியிருந்தான்: “அண்ணே, அந்த டீச்சர் கதைய இங்க பசங்ககிட்ட சொன்னேன். ஒருத்தனும் நம்ப மாட்டேங்கிறான். நீங்களே எழுதி அனுப்புங்க.”

காகிதம் போச்சே என்று நான் ஒப்பாரி வைக்கப் போவதில்லை. அந்தப் பெடல் அன்றைக்கு இருந்திருந்தால் என் மானம் கொஞ்சம் மிஞ்சியிருக்கும். கேட்டுவிட்டான், எழுதுகிறேன்.

எனக்குச் சிவகாசி. பதினாறு வயதில் நோட்டுப் புத்தகம் தைக்க உட்கார்ந்தவன், முப்பதில் விசா கிடைத்து துபாய் போனேன். அல் கூஸ் இண்டஸ்ட்ரியல் ஏரியாவில் அச்சகம், பின்னாலேயே நாங்கள் தங்கும் கேம்ப். இறங்கிய முதல் வாரமே முந்நூறு அரபிப் பாடப்புத்தகத்தை இடப்பக்கம் தைத்து வைத்தேன். நம் ஊர்ப் புத்தகம் அப்படித்தானே? அரபிப் புத்தகத்துக்கு முதுகு வலப்பக்கம் என்று எனக்கு யார் சொன்னார்கள்?

அன்று மத்தியானம் சாப்பிட வந்தால், என் டிபன் டப்பா மேல் அந்த முந்நூறில் ஒன்று உட்கார்ந்திருந்தது.

அதுதான் உஸ்தா மஹ்மூதின் வழக்கம். எகிப்துக்காரர், எங்கள் ஃபோர்மேன். அவர்கள் ஊரில் கைத்தொழில் தெரிந்த பெரியவரை உஸ்தா என்பார்கள். அவர் சத்தம் போட்டு ஒருநாளும் நான் கேட்டதில்லை. தப்பாகக் கட்டிய புத்தகத்தை எடுத்துவந்து, கட்டியவனின் டப்பா மேல் வைத்துவிட்டுப் போய்விடுவார். அதைச் சரிசெய்யாமல் டப்பாவைத் திறக்கக் கூடாது. எழுதிவைத்த சட்டம் இல்லைதான், ஆனால் மீறியவன் ஒருத்தனும் இல்லை. முந்நூறையும் பிரித்துத் தைத்து முடிக்க எனக்கு மறுநாள் ஆகிவிட்டது. என் புளிச்சோறு கெட்டுப்போச்சு. அதற்கப்புறம் என் கை அரபிக் கையாகவே மாறிவிட்டது. தாள்கட்டைத் தட்டி அடுக்கினால் தானாக வலப்பக்கம்தான் போகும்.

அவர் புத்தகத்தைப் பரிசோதிக்கிற விதம் ஒன்று உண்டு. கண்ணை மூடிக்கொள்வார். புத்தகத்தைக் கையில் எடுத்து, கட்டைவிரலால் ஒவ்வொரு தாளாக விடுவார். எங்கேயாவது விரல் தடுக்கினால் கண்ணைத் திறப்பார். தடுக்காவிட்டால் “தமாம்”, எல்லாம் சரி, என்று ஒரு வார்த்தை. நாள் முழுக்க அந்த வார்த்தைக்காகத்தான் வேலை பார்த்தோம் என்றுகூடச் சொல்லலாம்.

இப்படிப் பத்துப் பன்னிரண்டு வருஷம் ஓடியது. இரண்டாயிரத்துக்கு அப்புறம், துபாயில் பார்க்கிற பக்கமெல்லாம் கிரேன் நின்ற காலம். பள்ளிக்கூடம் திறக்கிற சீசன். மூச்சுவிட நேரமில்லாமல் அரபிப் பாடப்புத்தகம் கட்டிக்கொண்டிருந்தபோது ஒரு பெண் உள்ளே வந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும். தோளில் ஒரு பை, கையில் ஐந்து தாள்கட்டு.

“இஞ்ச தமிழ் ஆக்கள் ஆரும் இருக்கினமோ?” என்றார்.

யாழ்ப்பாணம். பெயர் தர்ஷினி. பர் துபாயில், மீனா பஜாருக்கு இரண்டு சந்து தள்ளி, ஒரு மாடியில் நடந்த இசைப் பள்ளியில் செல்லோ சொல்லிக்கொடுக்கிறார். செல்லோ என்றால் என்ன என்று கேட்டேன். வயலினுக்கு மூத்த அக்கா, உட்கார்ந்து, காலிடையில் நிறுத்தி வாசிப்பது என்று கையால் காட்டினார்.

“அஞ்சு பேர் சேர்ந்து வாசிக்கிறம் அண்ணை. ஆளுக்கொரு புத்தகம். ஸ்பைரல் போட்டா திருப்பேக்க கரகரவெண்டு சத்தம் வரும். சும்மா தாளா வைச்சா, அந்த ஹாலில ஏசி நேர மேடைக்கு அடிக்குது, பறந்துபோம். மட்டமா விரிஞ்சு கிடக்க வேணும். நூலால கட்டித் தருவியளே?”

தனித்தாளை மட்டமாக விரிகிற மாதிரி தைப்பது லேசுப்பட்ட வேலை இல்லை. இரண்டிரண்டு தாளாக எடுத்து, உள்விளிம்பில் மெல்லிய துணிப்பட்டை ஒட்டி ஜோடி சேர்க்க வேண்டும். காய்ந்தபின் பட்டையில் மடித்து, மடிப்பின் நடுவே நூல் கோக்க வேண்டும். சீசன் நேரத்தில் இதை யார் செய்வது? “இப்ப முடியாதும்மா, ஸ்பைரல்தான்” என்று சொல்ல வாயெடுத்தேன். உஸ்தா அதற்குள் வந்து தாளைப் புரட்டிப் பார்த்தார். அச்சுக்கு மேலும் கீழும் பென்சிலில் பொடிப்பொடியாகக் குறிப்புகள். எந்த விரல், வில்லை எந்தப் பக்கம் இழுப்பது, எங்கே மூச்சுவிடுவது, எல்லாம் நான்கு மாத உழைப்பு. அவர் என்னைப் பார்த்து “கரோ” என்றார். செய் என்று சொன்னால் செய்ய வேண்டியதுதான்.

அளவெடுக்கும்போது, இது யார் போட்ட பாட்டு என்று கேட்டுவைத்தேன். அவர் சொன்ன பெயர் என் வாயில் அன்றும் நுழையவில்லை, இன்றும் நுழையவில்லை. இருநூறு வருஷத்துக்கும் முந்தைய ஆள்.

“இத்தாலிக்காரர். ஸ்பெயினுக்கு வேலைக்குப் போனவர். எங்களை மாதிரித்தான், அவருக்கும் ஒரு கஃபீல்” என்று சிரித்தார். விசா கொடுத்து வைத்திருக்கிற ஸ்பான்சரைத்தான் அங்கே கஃபீல் என்போம். “ராசாவின்ர தம்பி. ராசா கோவத்தில தம்பியைப் பட்டணத்துக்கு வெளியில அனுப்பிவிட, இவரும் பெட்டியைக் கட்டிக்கொண்டு பின்னால போனவர். வேற என்ன செய்யிறது? அந்த வீட்டில ஏற்கெனவே நாலு பேர் சேர்ந்து வாசிச்சுக்கொண்டு இருந்தவை. இவர் அஞ்சாவது ஆள். அதால தனக்கெண்டும் ஒரு கதிரை போட்டு, அஞ்சு பேருக்கு எழுதினவர். ரெண்டு செல்லோ வைச்சு, நூறுக்கு மேல.”

“அப்புறம்?”

“கஃபீல் செத்துப்போனார். வேலையும் போச்சுது. அதே வருசம் மனுசியும் செத்துப்போட்டா. பிறகு எங்கயோ தூரத்தில இருந்த ஒரு ராசாவுக்கு எழுதி எழுதித் தபால்ல அனுப்பிச் சீவிச்சவர். அவரும் போக, கடைசியில சரியான கஷ்டம். ஆனா எழுத்தைப் பாருங்கோ, ஒரு இடத்திலயும் அழுகை இல்லை.”

அழுகை அவர் குரலில் இருந்தது. மெல்ல விஷயத்தைச் சொன்னார். மாதக் கடைசியோடு விசா முடிகிறது. செல்லோ படிக்க வருகிற பிள்ளைகள் குறைவு, புதுப்பிக்கலாமா வேண்டாமா என்று பள்ளியின் அர்பாப் யோசிக்கிறார். முதலாளியை அங்கே அர்பாப் என்போம். வருகிற வியாழக்கிழமை சாயங்காலக் கச்சேரியைக் கேட்டுவிட்டு முடிவுசொல்வதாகச் சொல்லியிருக்கிறார். விசா இல்லையென்றால் ஊர். அப்போது அவர் ஊர் எப்படி இருந்தது என்று உங்களுக்கே தெரியும். திரும்பிப் போக வீடும் இல்லை, வாசிக்கச் செல்லோவும் இல்லை. கையில் இருந்ததே பள்ளியின் செல்லோதான்.

“செவ்வாய்க்கிழமை தந்துடுறேன் டீச்சர்” என்றேன். சொன்ன மாதிரி தரவில்லை. பாடப்புத்தகம் தலைக்குமேல் கிடந்தது. செவ்வாய் புதனாகி, புதன் வியாழனாச்சு. நான்கு புத்தகத்தை ஒவ்வொரு தாளையும் பார்த்துப் பார்த்துக் கட்டினேன். டீச்சருடைய புத்தகத்தை, நிதானமாகச் செய்வோம் என்று கடைசியில் வைத்திருந்தேன். வியாழன் காலை எட்டு மணியிலிருந்து அரபிப் புத்தகம் அறுநூறு தட்டி அடுக்கிவிட்டு, அதே சூட்டோடு அதைக் கையில் எடுத்தேன்.

உஸ்தா ஐந்தையும் கண்ணை மூடிப் பார்த்தார். ஐந்துக்கும் தமாம். பார்சல் கட்டி, இரண்டு பக்கமும் சாம்பல் அட்டை வைத்து, ஆறு மணிக்கு ஹாலுக்குக் கொண்டுபோனேன். ஏழு மணிக்குக் கச்சேரி.

மற்ற நான்கு பேர் வந்திருந்தார்கள். ஹோட்டல் லாபியில் வயலின் வாசிக்கும் பிலிப்பினோக்கள் இரண்டு பேர், வயோலா வாசிக்கும் ஒரு ரஷ்ய அம்மா, இரண்டாவது செல்லோவுக்குப் பல் டாக்டரான ஒரு ஜெர்மன்காரர். அவரவர் புத்தகத்தை விரித்து ஸ்டாண்டில் வைத்தார்கள். விரித்த இடத்தில் அப்படியே நின்றது. எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

டீச்சர் தன்னுடையதைத் திறக்கப் போனார். திறக்கவில்லை. திருப்பிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“அண்ணை, இது அரபிப் புத்தகம் மாதிரியெல்லோ கிடக்கு.”

வலப்பக்கம் தைத்திருந்தேன். என் கை, என்னைக் கேட்காமல், பன்னிரண்டு வருஷப் பழக்கத்தில் செய்த வேலை. அந்த நொடியில் இன்னொன்றும் ஞாபகத்துக்கு வந்தது. உஸ்தா பரிசோதிக்கும்போது முதல் நான்கு புத்தகத்தையும் கையில் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத்தான் திறந்தார். ஐந்தாவதைச் சுற்றவில்லை. அவர் கைக்கு அதுதான் சரியாக இருந்தது.

பிரித்துவிடலாமா? பட்டையை நனைத்து ஊறவைத்து உரித்தால் ஒழிய வராது. இழுத்தால் ஓரத்து நோட்டும் பென்சில் குறிப்பும் சேர்ந்து கிழியும். வேறு பிரதி இல்லை. வாசித்தே ஆக வேண்டும். ஆனால் எப்படி? வலப்பக்கம் தைத்த புத்தகத்தில் முதலில் வலது பக்கத்தை முடித்துவிட்டு இடது பக்கத்துக்கு வர வேண்டும். வாழ்நாள் முழுக்க இடதிலிருந்து ஆரம்பித்த கண், வேகமாக ஓடும்போது இடதுக்குத்தான் பாயும். பாய்ந்தால் ஒரு பக்கமே போச்சு, மற்ற நாலு பேரும் அந்தரத்தில் நிற்பார்கள்.

டீச்சர் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். நாற்காலியில் உட்கார்ந்து, “சரி. நாப்பது நிமிசம் இருக்கு” என்றார்.

பார்சலில் இருந்த சாம்பல் அட்டை என் கண்ணில் பட்டது. “டீச்சர், இடது பக்கத்த நான் இந்த அட்டையால மூடிக்கிட்டு உக்காருறேன். வலது மட்டும்தான் தெரியும். அது முடிஞ்சதும் அட்டைய எடுத்துருறேன். இடது முடிஞ்சா திருப்பி, மறுபடி மூடிருறேன். எப்ப எடுக்கணும்னு மட்டும் சொல்லுங்க.”

“தலையை ஆட்டுறன்” என்றார்.

வாசித்துப் பார்த்தோம். வாசிக்கிறவர் தலை சும்மா இருக்குமா? பாட்டோடு ஆடிக்கொண்டே இருந்தது. நான் ஐந்து தடவை தப்பாக எடுத்தேன். ரஷ்ய அம்மா கையைத் தலையில் வைத்துக்கொண்டார். கடைசியில், “என்ர இடது காலால உங்கட காலை மிதிக்கிறன்” என்று டீச்சர் சொன்னார். மிதித்தார். எனக்கு ஒன்றுமே தெரியவில்லை. நான் போட்டிருந்தது இரும்பு மூக்கு வைத்த சேஃப்டி ஷூ. லாரி ஏறினாலும் தெரியாது.

ஷூவைக் கழற்றினேன். சாக்ஸில் பெருவிரல் வெளியே எட்டிப்பார்த்தது. டாக்டர் தன் கறுப்புக் கோட்டைக் கழற்றி என் யூனிஃபார்ம் மேல் மாட்டிவிட்டார். தோள் என் முழங்கைவரை தொங்கியது. இந்த லட்சணத்தில், ஒரு காலில் ஷூ, ஒரு காலில் ஓட்டைச் சாக்ஸோடு, எண்பது பேர் முன்னால் மேடையில் போய் உட்கார்ந்தேன். முன்வரிசையில் வெள்ளைக் கந்தூரா அங்கியில் அர்பாப். கையில் ஜபமாலை.

ஆரம்பித்தார்கள். மிதித்தார், அட்டையை எடுத்தேன். மிதித்தார், தாளை இடமிருந்து வலமாகத் திருப்பி மூடினேன். முதல் பகுதி முழுக்க எனக்குக் காதே கேட்கவில்லை, கால்தான் கேட்டது. இரண்டாவது பகுதி மெதுவானது. அதில்தான் பாட்டு காதில் விழுந்தது. மற்ற நாலு பேரும் தாழ்வாக, ஒரே நிதானமாகப் போட்டுக்கொண்டிருக்க, டீச்சருடைய செல்லோ ஏறி ஏறி வயலினுக்கும் மேலே போய் நின்று பேசியது. அந்த ஐந்தாவது நாற்காலிக்காரர் ஞாபகம் வந்தது. அடுத்தவன் வீட்டில், அடுத்தவன் சொன்ன நேரத்துக்கு உட்கார்ந்துகொண்டு, தனக்கு மட்டும் இவ்வளவு உயரத்தில் ஓர் இடம் எழுதி வைத்திருக்கிறாரே மனுஷன் என்று நினைத்தேன்.

அந்த நினைப்பில் மிதி தெரியவில்லை. பெருவிரலில் நறுக்கென்று இரண்டாவது மிதி விழுந்ததும்தான் துள்ளி அட்டையை எடுத்தேன். ஒன்றரை வரி போய்விட்டிருந்தது. டீச்சர் நிற்கவில்லை. கண்ணை மூடி, மனப்பாடமாக அதை வாசித்துக்கொண்டு வந்து, அட்டை போன இடத்தில் கண்ணைத் திறந்து சேர்ந்துகொண்டார். என் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. அந்த ஏசியிலும்.

முடிந்ததும் எல்லாரும் கைதட்டினார்கள். அர்பாப் மேடைக்கு வந்தார். நேராக டீச்சரின் ஸ்டாண்டுக்குப் போய்ப் புத்தகத்தை எடுத்து, வலப்பக்கம் முதுகு வைத்து அழகாகத் திறந்து, அரபியில் ஏதோ சொல்லிச் சிரித்தார். அஞ்சில் இது ஒன்றுதான் ஒழுங்காகத் திறக்கிறதாம். டீச்சரும் சிரித்துக்கொண்டே விசாவைப் பற்றிக் கேட்டார். அவர் மாலையை உருட்டிக்கொண்டு “இன்ஷா அல்லா” என்றார். போய்விட்டார்.

வளைகுடாவில் இருந்தவர்களுக்குத் தெரியும், அந்த வார்த்தைக்கு ஆமாம் என்றும் அர்த்தம், இல்லை என்றும் அர்த்தம், கேட்காதே என்றும் அர்த்தம். டீச்சர் புத்தகத்தை என்னிடம் கொடுத்து, “ஆறுதலாச் சரியாக் கட்டித் தாங்கோ அண்ணை” என்றார். கோட்டைக் கழற்றிக் கொடுத்துவிட்டு வந்தேன். வெள்ளிக்கிழமை லீவு முழுக்க ரூமில் கட்டிலைவிட்டு இறங்கவில்லை.

சனிக்கிழமை காலையில் உஸ்தாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஒன்றரை வரியையும் சொன்னேன். அவர் புத்தகத்தை வாங்கினார். கண்ணை மூடித் திறந்தார். வலப்பக்கமாகத்தான் திறந்தார். விரல் தடுக்கவில்லை.

மத்தியானம் பயந்துகொண்டே சாப்பிடப் போனேன். என் டப்பா மேல் ஒன்றும் இல்லை. புத்தகம் அவருடைய டப்பா மேல் இருந்தது.

“உஸ்தா, தப்பு என்னுது. இப்பவே பிரிச்சுக் கட்டிருறேன்” என்று எனக்குத் தெரிந்த இந்தியில் சொன்னேன். அவருக்குத் தெரிந்த இந்தியில் பதில் சொன்னார்: “முருகேஸ், கிதாப் டீக் ஹோகா. லட்கி கா விசா?”

புத்தகம் சரியாகிவிடும், அந்தப் பெண்ணின் விசா சரியாகுமா? அவர் டீயை மட்டும் குடித்துவிட்டு மெஷினுக்குப் போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமையும் அப்படித்தான். திங்கட்கிழமையும். அவர் மனைவி காலையில் கட்டிக்கொடுக்கிற ஃபூல், நம் ஊர் மொச்சைக் கூட்டு மாதிரி இருக்கும், ரொட்டியோடு திறக்காமலேயே வீட்டுக்குத் திரும்பிப் போனது. ரமலான்கூட இல்லை. அறுபது வயது மனுஷன். “எடுத்துப் போடுங்கண்ணே அத” என்று, அப்போது என் பக்கத்து மேஜையில் வேலை பார்த்த செந்தில் என்னிடம் பல்லைக் கடித்தான். எடுக்க எனக்குக் கை வரவில்லை. எனக்கும் சோறு இறங்கவில்லை. வெட்கமில்லாமல் நான் மட்டும் சாப்பிட்டேன் என்று நினைத்துவிடாதீர்கள்.

செவ்வாய்க்கிழமை நாலு மணிக்கு டீச்சர் வந்தார். கையில் இன்னும் ஐந்து தாள்கட்டு. முகத்தைப் பார்த்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை. நான் எழுந்து நின்றேன். மெஷினை நிறுத்திவிட்டு உஸ்தாவும் வந்தார்.

டீச்சர் பையிலிருந்து பாஸ்போர்ட்டை எடுத்து, ஒரு பக்கத்தைத் திறந்து என் கண்ணுக்கு நேரே நீட்டினார். “இண்டைக்குத்தான் அடிச்சுத் தந்தவை. மூண்டு வருசம்.”

நான் வாயைத் திறப்பதற்குள் உஸ்தா அதை வாங்கிப் பார்த்தார். வலப்பக்கம் இருந்த அரபி வரியை விரலால் தொட்டுப் படித்தார். தேதியை இரண்டு தடவை படித்தார். “தமாம்” என்றார். பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, போய், டப்பா மேல் இருந்த புத்தகத்தை எடுத்து என் மேஜையில் வைத்தார். அங்கேயே நின்றபடி டப்பாவைத் திறந்து, ரொட்டியைப் பிய்த்துச் சாப்பிட ஆரம்பித்தார். ஒரு துண்டைப் பிய்த்து என் பக்கமும் நீட்டினார்.

டீச்சர் கடிகாரத்தைப் பார்த்தார். “நாலு மணிக்கோ மத்தியானச் சாப்பாடு? வயசுபோன மனுசன், நேரத்துக்குச் சாப்பிடச் சொல்லுங்கோ அண்ணை.”

என்ன சொல்கிறாள் என்று உஸ்தா வாய் நிறைய ரொட்டியோடு என்னிடம் கேட்டார். நேரத்துக்குச் சாப்பிடச் சொல்கிறார் என்றேன். அவர் சிரித்த சிரிப்பில் புரையேறி, நான் தண்ணீர் எடுத்துக் கொடுக்க வேண்டியதாயிற்று.

ஏன் நாலு மணிச் சாப்பாடு என்று அவர் டீச்சரிடம் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. உஸ்தா இப்போது இல்லை. டீச்சர், எங்கே இருந்தாலும் இதைப் படித்தால், இப்போது தெரிந்துகொள்ளுங்கள்.